எடை குறைக்க நடனம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

உடற்பயிற்சி செய்ய வேண்டும் என்ற எண்ணம் எல்லோருக்கும் இருக்கிறது. மூன்றாவது வாரத்தைத் தாண்டி அதைத் தொடர்பவர்கள்தாம் குறைவு. நடனத்தையே உடற்பயிற்சியாகப் பல ஆண்டுகள் செய்தும், புதிதாக வருபவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தும் வருவதில் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். கணக்குப் போட்டுச் சொல்லக்கூடியதைக் கணக்கோடும், ஆடிப் பார்த்துத் தெரிந்துகொண்டதை அப்படியேயும் எழுதியிருக்கிறேன்.

நடனம் ஆடினால் உண்மையிலேயே எடை குறையுமா?

குறையும். எவ்வளவு குறையும் என்பதைக் கணக்குப் போட்டே பார்த்துவிடலாம்.

உடல் உழைப்பின் கடுமையை அளக்க ‘மெட்’ என்ற அலகைப் பயன்படுத்துகிறார்கள். சும்மா உட்கார்ந்திருக்கும்போது உடல் செலவழிக்கும் ஆற்றல் 1 மெட். மெதுவான ஜோடி நடனம் ஏறத்தாழ 3 மெட். விரைவான ஜோடி நடனம் 5.5 மெட், இடைவிடாமல் கைகால்களை வீசி ஆடும் ஏரோபிக் நடனம் 7 மெட்டுக்குச் சற்று மேல். இந்த எண்ணை உங்கள் எடையாலும் (கிலோவில்) ஆடிய நேரத்தாலும் (மணிக்கணக்கில்) பெருக்கினால், செலவான கலோரி தோராயமாகக் கிடைத்துவிடும். 70 கிலோ எடையுள்ள ஒருவர் 5.5 மெட் வேகத்தில் அரை மணி நேரம் ஆடினால் சுமார் 190 கலோரி செலவாகும். அதில் 35 கலோரி, அவர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாலும் செலவாகியிருக்கும். ஆகவே ஆடியதால் கூடுதலாகச் செலவானது 155 கலோரிதான். கைபேசிச் செயலி காட்டும் எண்ணை நம்பி, அந்த அளவுக்குக் கூடுதலாகச் சாப்பிட்டுவிடுபவர்கள் இந்தக் கழித்தலை நினைவில் வைக்க வேண்டும்.

வாரத்துக்கு ஐந்து நாள் இப்படி ஆடினால் கூடுதல் செலவு ஏறக்குறைய 780 கலோரி. ஒரு கிலோ உடல் கொழுப்பில் சுமார் 7,700 கலோரி அடங்கியிருக்கிறது. ஆக, சாப்பாட்டில் எந்த மாற்றமும் செய்யாமல் நடனத்தை மட்டுமே நம்பினால், ஒரு கிலோ குறைவதற்குப் பத்து வாரம் ஆகும். அதே நபர் உணவில் நாளொன்றுக்கு 300 கலோரியைக் குறைத்துக்கொண்டால், வாரத்துக்கு ஏற்படும் பற்றாக்குறை 2,900 கலோரியை நெருங்குகிறது. பத்து வாரத்தில் மூன்றரைக் கிலோவுக்கு மேல் குறையக் கணக்கு இடம் தருகிறது. எடை இறங்க இறங்க உடலின் செலவும் இறங்கும் என்பதால் நடைமுறையில் இதைவிடச் சற்றுக் குறைவாகவே கிடைக்கும். ஆனாலும் நடனமும் தட்டும் சேர்ந்தால்தான் தராசு அசையும் என்பதை இந்தக் கணக்கே காட்டிவிடுகிறது.

அதிக எடை உள்ளவர்களை நடனத்தில் ஈடுபடுத்திப் பார்த்த ஆய்வுகளைத் தொகுத்து, 2024ஆம் ஆண்டில் ‘பிளாஸ் ஒன்’ ஆய்விதழில் ஒரு கட்டுரை வெளியானது. எடை, இடுப்புச் சுற்றளவு, உடலின் கொழுப்பு விகிதம் ஆகிய மூன்றுமே நடனத்தால் குறைந்ததாக அது தெரிவித்தது. இடுப்புச் சுற்றளவு குறைவதை நான் தனியாகக் கவனிக்கச் சொல்வேன். வயிற்றுக்குள் உறுப்புகளைச் சுற்றிப் படியும் கொழுப்புதான் நீரிழிவுக்கும் இதய நோய்க்கும் நெருக்கமான உறவுக்காரன்.

வியர்வை கொட்டினால் கொழுப்புக் கரைகிறது என்று பொருளா?

இல்லை. வியர்வை உடலைக் குளிர்விப்பதற்காக வெளியேறும் நீர். தண்ணீர் குடித்தவுடன் அந்த எடை திரும்பிவிடும். உடல் கொழுப்பை எரிக்கும்போது அது கரியமில வாயுவாகவும் நீராகவும் மாறுகிறது. 10 கிலோ கொழுப்பு முழுவதும் எரிந்தால் அதில் 8.4 கிலோ கரியமில வாயுவாக நுரையீரல் வழியே வெளியேறுகிறது, மீதி 1.6 கிலோ நீராகிறது என்று 2014ஆம் ஆண்டில் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் இருவர் கணக்கிட்டுக் காட்டினார்கள். கொழுப்பின் பெரும்பகுதி மூச்சுக்காற்றோடுதான் போகிறது. எனவே வியர்க்க வைக்கும் பிளாஸ்டிக் உடைகளையும் இடுப்புப் பட்டைகளையும் அணிந்துகொண்டு ஆட வேண்டாம். உடல் சூடு ஏறி மயக்கம் வருவதுதான் மிச்சம்.

நடப்பதையும் ஓடுவதையும் விட நடனம் சிறந்ததா?

கலோரிக் கணக்கை மட்டும் பார்த்தால் நடனம் இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. சாதாரண வேகத்தில் நடப்பது 3.5 மெட், மணிக்கு 8 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுவது 8 மெட்டுக்கு மேல். நன்றாக ஓடக்கூடியவர், ஓடுவதை விரும்பக்கூடியவர், அதை விட்டுவிட்டு நடனத்துக்கு வர வேண்டியதில்லை.

நடனத்தின் பலம் வேறு இடத்தில் இருக்கிறது. நடக்கும்போதும் ஓடும்போதும் உடல் பெரும்பாலும் முன்னோக்கி மட்டுமே செல்கிறது. ஆடும்போதோ பக்கவாட்டிலும் பின்னோக்கியும் நகர்கிறோம், திரும்புகிறோம், ஒற்றைக் காலில் நொடி நேரம் நிற்கிறோம், கைகளைத் தலைக்கு மேல் கொண்டுபோகிறோம். இடுப்பின் பக்கத் தசைகளுக்கும் கணுக்காலைச் சுற்றியுள்ள சிறு தசைகளுக்கும் நடையில் கிடைக்காத வேலை இதில் கிடைக்கிறது. அடுத்த அசைவு என்ன என்று மனமும் ஓடிக்கொண்டே இருக்கிறது. ஓடும் இயந்திரத்தில் நின்றுகொண்டு இன்னும் எத்தனை நிமிடம் பாக்கி என்று பார்ப்பவர்கள்கூட, ஆடும்போது பாட்டு முடிந்துவிட்டதே என்று சொல்வதை நான் பலமுறை கேட்டிருக்கிறேன். மிதமான உழைப்பின்போது இசை, உழைக்கிறோம் என்ற உணர்வையே குறைக்கிறது என்பது ஆய்வுகளிலும் உறுதியான ஒன்று. மூச்சு வாங்கும் அளவுக்குக் கடுமையாகிவிட்டால் அந்த உதவி தேய்ந்துபோகும்.

எனவே என் பதில் இதுதான்: ஆறு மாதம் கழித்தும் நீங்கள் செய்துகொண்டிருக்கப்போகிற பயிற்சி எதுவோ அதுவே உங்களுக்குச் சிறந்தது. பலருக்கு அது நடனமாக இருக்கிறது.

எனக்கு ஆடவே தெரியாது. தாளத்துக்குக் கால் வராது. நான் எப்படித் தொடங்குவது?

தாளத்துக்கு நடக்கத் தெரிந்தால் போதும். பாட்டைப் போட்டுவிட்டு, நின்ற இடத்திலேயே தாளத்துக்கு ஓர் அடி என்று கால்களை மாற்றி மாற்றி எடுத்து வையுங்கள். ஒரு நிமிடம் அப்படி நடந்தால் தாளம் காலுக்குள் இறங்கிவிடும். பெரும்பாலான பாடல்களில் அடிகள் எட்டு எட்டாகக் கட்டப்பட்டிருப்பதால், ஒன்றிலிருந்து எட்டு வரை எண்ணிக்கொண்டே செய்வது பழக்கமாகட்டும்.

அடுத்தது பக்க அடி. வலது காலை வலப்பக்கம் ஓரடி தள்ளி வைத்து, உடல் எடையை அதன் மீது சாயுங்கள். இரண்டாவது எண்ணிக்கையில் இடது காலை அதன் அருகே கொண்டுவந்து விரல்நுனியால் தரையைத் தொட மட்டும் செய்யுங்கள். மூன்றாவது எண்ணிக்கையில் அதே இடது கால் இடப்பக்கம் போக வேண்டும். புதிதாக வருபவர்கள் தடுமாறுவது இங்கேதான்: தொட வேண்டிய காலின் மீது எடையை இறக்கிவிடுவார்கள், எடை இறங்கிய காலை அடுத்த நொடியே தூக்க முடியாமல் இரண்டு கால்களும் சிக்கிக்கொள்ளும். தாளம் வரவில்லை என்று நினைத்து வருந்துகிறவர்களில் பாதிப்பேருக்குக் குறை காதில் இல்லை, எடை எந்தக் காலில் இருக்கிறது என்று தெரியாததுதான். ‘தொடும் கால் சும்மா இருக்கும் கால்’ என்று மனத்துக்குள் சொல்லிக்கொண்டு பத்து முறை மெதுவாகச் செய்து பாருங்கள், சிக்கல் அவிழ்ந்துவிடும்.

இது கைவந்தபின் வகுப்புகளில் ‘கிரேப்வைன்’ என்று சொல்லும் அசைவுக்குப் போகலாம். வலது கால் பக்கத்தில், இடது கால் அதற்குப் பின்னால் குறுக்காக, மறுபடி வலது கால் பக்கத்தில், இடது கால் அருகே வந்து தொடல். மொத்தம் நான்கு எண்ணிக்கை. அதையே இடப்பக்கம் திரும்பச் செய்தால் எட்டு நிறைந்துவிடும். நின்ற நடை, பக்க அடி, கிரேப்வைன் ஆகிய மூன்றையும் கலந்து மாற்றி மாற்றிச் செய்தாலே ஒரு முழுப் பாட்டு ஓடிவிடும். கைகளை முதல் வாரத்தில் மறந்துவிடுங்கள். கால் தானாக ஓடத் தொடங்கியதும் கை சேரும். காலையே குனிந்து பார்த்துக்கொண்டிருந்தால் கழுத்து வலிக்கும், சமநிலையும் கெடும். எதிர்ச் சுவரில் கண் மட்டத்தில் ஓர் இடத்தைப் பார்த்துக்கொண்டு ஆடுங்கள்.

எந்த வகை நடனம் எடை குறைக்க ஏற்றது?

இடைவிடாமல் ஆட முடிகிற எதுவும் ஏற்றது. பரதநாட்டியமோ பாலேயோ கற்கும் வகுப்பில் ஓர் அடவைத் திருத்துவதற்காக நின்று கேட்கும் நேரம் அதிகம். அரைமண்டியில் நிற்பது தொடைத் தசைகளுக்கு மிகக் கடுமையான வேலை என்றாலும், தொடர்ந்து இதயத் துடிப்பை உயர்த்தி வைக்கும் நேரம் குறைவாக இருக்கலாம். கற்ற உருப்படியை நிறுத்தாமல் ஆடத் தொடங்கியதும் நிலைமை மாறிவிடும். சால்சா, நாட்டுப்புற வட்ட ஆட்டங்கள், திரைப்பாடலுக்கு ஆடும் விரைவு நடனம் ஆகியவை தொடக்கத்திலிருந்தே மூச்சு வாங்க வைக்கும்.

சும்பா என்பது உடற்பயிற்சிக்காகவே உருவான வகை. கொலம்பியாவின் காலி நகரில் 1990களில் ஏரோபிக் வகுப்பு நடத்திவந்த அல்பெர்த்தோ பெரெஸ், ஒரு நாள் வழக்கமான இசை நாடாவை மறந்து வந்துவிட்டு, கைவசம் இருந்த சால்சா, மெரெங்கே பாடல்களைப் போட்டு வகுப்பை நடத்தியதிலிருந்து அது தொடங்கியது. அசைவுகள் எளிமையாகவும் திரும்பத் திரும்பவும் வருவதால் புதியவர்களுக்கு உகந்தது. குதிப்பும் இடுப்புத் திருப்பலும் மிகுதி என்பதால் முழங்கால், முதுகுத் தொல்லை உள்ளவர்கள் மென்மையாக மாற்றியமைத்த வகுப்பையே நாட வேண்டும்.

வாரத்துக்கு எத்தனை நாள், எவ்வளவு நேரம் ஆட வேண்டும்?

பெரியவர்கள் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உழைப்போ, 75 முதல் 150 நிமிடம் கடுமையான உழைப்போ செய்ய வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டுதல் கூறுகிறது. வாரத்தில் ஐந்து நாள், நாளுக்கு அரை மணி நேரம் என்றால் கீழ் எல்லையைத் தொட்டுவிடுவீர்கள். எடையைக் குறைத்து அதே நிலையில் நிறுத்த விரும்புகிறவர்கள் மேல் எல்லையை நோக்கி நகர்வது நல்லது.

முதல் நாளே அரை மணி நேரம் வேண்டாம். முதல் வாரம் மூன்று பாட்டு, அதாவது பத்துப் பன்னிரண்டு நிமிடம். பிறகு வாரத்துக்கு ஒரு பாட்டைச் சேர்த்துக்கொண்டே போனால் இரண்டு மாதத்துக்குள் எட்டுப் பாட்டு, அரை மணி நேரம் வந்துவிடும். ஒரே மூச்சில் முடியாவிட்டால் காலையில் நான்கு, மாலையில் நான்கு என்று பிரித்துக்கொள்ளலாம். அதே வழிகாட்டுதல் வாரத்துக்கு இரண்டு நாளாவது தசைகளை வலுப்படுத்தும் பயிற்சியையும் கேட்கிறது. நடனம் கால்களை ஓரளவு வலுப்படுத்தினாலும் மார்பு, தோள், முதுகுக்குப் போதிய சுமையைத் தருவதில்லை. சுவரில் கைவைத்துத் தள்ளுவது, நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் எழுந்து உட்காருவது போன்றவற்றைப் பத்து நிமிடம் சேர்த்துக்கொள்ளுங்கள். உணவைக் குறைக்கும் காலத்தில் கொழுப்போடு தசையும் கரையாமல் காப்பது இந்தப் பத்து நிமிடம்தான்.

என் வேகம் போதுமா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

ஆடிக்கொண்டே பேசிப் பாருங்கள். முழு வாக்கியம் பேச முடிகிறது, கூடவே பாட மட்டும் முடியவில்லை என்றால் அது மிதமான உழைப்பு. நான்கைந்து சொல்லுக்கு ஒருமுறை மூச்சுக்காக நிறுத்த வேண்டியிருந்தால் கடுமையான உழைப்பு. தாராளமாகப் பாட முடிகிறது என்றால் அடியைக் கொஞ்சம் அகலமாக்குங்கள், கைகளைத் தோளுக்கு மேல் உயர்த்துங்கள்.

எண்ணாகப் பார்க்க விரும்பினால் 220இலிருந்து வயதைக் கழியுங்கள். அது உங்கள் உச்ச நாடித்துடிப்பின் தோராயமான அளவு. அதில் 50 முதல் 70 விழுக்காடு மிதமானது, 70 முதல் 85 விழுக்காடு கடுமையானது. 40 வயதுக்காரருக்கு உச்சம் 180. மிதமான உழைப்பு நிமிடத்துக்கு 90 முதல் 126 துடிப்பு. இரத்த அழுத்தத்துக்கோ இதயத்துக்கோ ‘பீட்டா பிளாக்கர்’ வகை மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு நாடித்துடிப்பு வழக்கம்போல உயராது. அவர்கள் பேசிப் பார்க்கும் முறையையே நம்ப வேண்டும்.

பாட்டுகளை எப்படித் தேர்ந்தெடுப்பது?

பிடித்த பாட்டாக இருப்பது முதல் நிபந்தனை. வேகத்தைப் பொறுத்தவரை, கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு 15 நொடிக்குள் விழும் தாள அடிகளை எண்ணி நான்கால் பெருக்குங்கள். உடல் சூடேற 100 அடிக்கு அருகிலும், நடுப்பகுதிக்கு 120 முதல் 140 வரையிலும், இறுதியில் ஆறுவதற்கு 90க்குக் கீழும் இருப்பவை பொருந்தும். நிமிடத்துக்கு 120 தாள அடி உள்ள நான்கு நிமிடப் பாட்டுக்கு அடிக்கு ஓரடி வைத்தால் 480 அடி வைத்திருப்பீர்கள். எட்டுப் பாட்டில் அது நாலாயிரத்தை நெருங்கும். ஒரே பட்டியலை இரண்டு மாதத்துக்கு மேல் வைத்திருக்காதீர்கள். உடலுக்கு முன்னால் காது சலித்துவிடும்.

வயிறு மட்டும் குறைய ஏதாவது நடன அசைவு இருக்கிறதா?

கிடையாது. இடுப்பை எவ்வளவு சுழற்றினாலும் அந்த இடத்துக் கொழுப்பு மட்டும் எரியாது. உடல் எங்கிருந்து கொழுப்பை எடுக்கிறது என்பதைப் பரம்பரையும் பாலினமும் வயதும் முடிவு செய்கின்றன. அசைவுகள் அந்த இடத்துத் தசையைத்தான் உறுதியாக்கும்.

எனக்கு முழங்கால் வலி இருக்கிறது. ஆடலாமா?

பெரும்பாலானவர்கள் ஆடலாம், எப்படி ஆடுகிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. முழங்கால் மூட்டுத் தேய்மானம் உள்ளவர்களுக்கு அசைவு மருந்தே தவிரப் பகை இல்லை. அவர்கள் ஒரு கிலோ எடை குறைத்தால், நடக்கும்போது ஒவ்வோர் அடியிலும் முழங்காலில் விழும் சுமை சுமார் நான்கு கிலோ குறைகிறது. நாளொன்றுக்கு ஆயிரக்கணக்கான அடி வைக்கிறோம் என்பதை நினைத்துப் பார்த்தால், இது எவ்வளவு பெரிய ஆறுதல் என்று புரியும்.

முதல் விதி, குதிக்காதீர்கள். எந்த அசைவிலும் ஒரு கால் தரையில் இருக்கட்டும். குதிக்க வேண்டிய இடத்தில் குதிகாலை உயர்த்தி இறக்கினால் போதும். இரண்டாவது, ஊன்றிய காலின் மீது உடலைத் திருகாதீர்கள். முழங்கால் மடக்கவும் நீட்டவும் அமைந்த மூட்டு. பாதம் தரையில் ஒட்டியிருக்க, உடல் மட்டும் திரும்பினால் அந்தத் திருகல் முழுவதும் அங்கேதான் இறங்கும். திரும்பும்போது குதிகாலை லேசாகத் தூக்கி, முன்பாதத்தின் மீது பாதமும் முழங்காலும் ஒரே திசையைப் பார்த்தபடி சேர்ந்து திரும்ப வேண்டும். மூன்றாவது, காலை மடக்கும்போது முழங்கால் உள்பக்கமாகச் சரியாமல் இரண்டாவது கால்விரலுக்கு நேராக நிற்கிறதா என்று பக்கத்திலுள்ள கண்ணாடியில் பாருங்கள்.

காலணி விஷயத்தில் ஒரு தவறு அடிக்கடி நடக்கிறது. ஓடுவதற்கான காலணி முன்னோக்கிச் செல்வதற்காகத் தரையை இறுகப் பிடிக்கும்படி செய்யப்படுவது. அதை அணிந்து சுழலும்போது பாதம் தங்கிவிடும், முழங்கால் திருகும். அடிப்பாகம் சமமாகவும் முன்பாதத்தில் சற்று வழுக்கிக்கொடுப்பதாகவும் உள்ள காலணி நல்லது. காலுறை மட்டும் அணிந்து வழவழப்பான தரையில் ஆடுவது விழுவதற்கான வழி. மரத்தரை கொஞ்சம் நெகிழ்ந்து அதிர்ச்சியை வாங்கிக்கொள்ளும். சிமெண்டும் கல்லும் எதையும் வாங்கிக்கொள்ளாமல் காலுக்கே திருப்பித் தரும். தடித்த கம்பளத்தின் மீது சுழலாதீர்கள்.

ஆடிய மறுநாளோ அதற்கடுத்த நாளோ இரண்டு தொடைகளிலும் கெண்டைக்காலிலும் ஒரே மாதிரி வலித்தால், அது பழகாத தசையின் வலி. இரண்டு மூன்று நாளில் அடங்கிவிடும். ஒரு பக்கம் மட்டும் குத்தும் வலி, மூட்டு வீங்குதல், முழங்கால் சிக்கிக்கொள்ளுதல், திடீரென்று மடங்கிக் கைவிடுதல் ஆகியவை இருந்தால் ஆடுவதை நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள். முழங்காலுக்குக் கீழே, முன்பக்க எலும்பில் விரலால் தொட்ட ஒரே இடத்தில் சுரீரென்று வலிப்பதையும் அலட்சியம் செய்யக்கூடாது, எலும்பில் மயிரிழை விரிசல் விட்டிருக்கலாம்.

நீரிழிவு, இரத்த அழுத்தம், கர்ப்பம்: இவற்றில் எதைக் கவனிக்க வேண்டும்?

இன்சுலினோ, சர்க்கரையைத் தாழ்த்தும் சில வகை மாத்திரைகளோ எடுத்துக்கொள்பவர்களுக்கு ஆடும்போதும், ஆடிப் பல மணி நேரம் கழித்தும் சர்க்கரை இறங்கிவிட வாய்ப்புண்டு. தொடங்குமுன் சோதித்துப் பார்த்து, 90 மில்லிகிராமுக்குக் கீழே இருந்தால் மாவுச்சத்துள்ள எதையாவது சாப்பிட்டபிறகே ஆட வேண்டும். கை நடுக்கம், திடீர் வியர்வை, குழப்பம் தோன்றினால் உடனே நிறுத்தி இனிப்பான ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். பாதத்தில் உணர்ச்சி மங்கியவர்கள் வெறுங்காலில் ஆடவே கூடாது. ஆடி முடித்ததும் பாதத்தில் கொப்புளம் இருக்கிறதா என்று கண்ணால் பார்க்க வேண்டும்.

இரத்த அழுத்தம் கட்டுக்குள் இல்லாதவர்களும், இதய நோய் உள்ளவர்களும், பல ஆண்டுகள் அசைவே இல்லாமல் இருந்துவிட்டவர்களும் மருத்துவரிடம் கேட்டுவிட்டே தொடங்க வேண்டும். மார்பில் இறுக்கம், தாடைக்கோ இடக் கைக்கோ பரவும் வலி, தலைசுற்றல், துடிப்பு தாறுமாறாகப் போதல் ஆகியவற்றில் எது வந்தாலும் அந்த நொடியே நிறுத்திவிட்டு உதவி கேளுங்கள்; பாட்டு முடியட்டும் என்று காத்திருக்காதீர்கள்.

சிக்கல் இல்லாத கர்ப்பத்தில் மிதமான நடனம் நல்லது. தசைநார்கள் தளர்ந்திருக்கும் காலம் என்பதாலும், வயிறு முன்தள்ளிச் சமநிலை மாறிவிடுவதாலும், குதிப்பு, வேகச் சுழற்சி, விழ வாய்ப்புள்ள அசைவு மூன்றையும் தவிர்க்க வேண்டும். எடை குறைக்கும் நோக்கத்தை அந்த மாதங்களில் ஒதுக்கி வைத்துவிடுங்கள்.

குதித்து ஆடும்போது சிறுநீர் கசிகிறது. கேட்கவே கூச்சமாக இருக்கிறது.

கூச்சப்பட வேண்டாம், குழந்தை பெற்ற பெண்களில் பலருக்கும், பெறாத சிலருக்கும் இது உண்டு. சிறுநீர்ப்பையைத் தாங்கும் இடுப்புத் தளத் தசைகள் தளர்ந்திருப்பதே காரணம். சிறுநீரை அடக்குவதுபோல் அந்தத் தசைகளை இறுக்கிச் சில நொடி நிறுத்தி விடுவிக்கும் பயிற்சியை நாள்தோறும் செய்துவந்தால் சில மாதங்களில் நல்ல முன்னேற்றம் தெரியும். அதுவரை குதிப்பில்லாத அசைவுகளை ஆடுங்கள். இந்த ஒரு காரணத்தால் சத்தமில்லாமல் வகுப்பை விட்டு நின்றுவிடும் பெண்கள் இருக்கிறார்கள். அதனால்தான் இந்தக் கேள்வியை இங்கே சேர்த்தேன். குறையவில்லை என்றால் மருத்துவரிடமோ இயன்முறைச் சிகிச்சையாளரிடமோ சொல்லுங்கள்.

அறுபது, எழுபது வயதுக்குப் பிறகும் தொடங்கலாமா?

தாராளமாகத் தொடங்கலாம். அந்த வயதில் எடையைவிட விழாமல் இருப்பது முக்கியம். பக்கவாட்டு நகர்வும் எடையைக் கால் மாற்றிக் கால் சாய்ப்பதும் நிறைந்த நடனம் சமநிலைக்கு நேரடிப் பயிற்சி. 75 வயதைத் தாண்டிய 469 பேரைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து 2003இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில், உடலுழைப்பு சார்ந்த பொழுதுபோக்குகளில் மறதி நோய் வாய்ப்புக் குறைவோடு தொடர்புடையதாகத் தென்பட்டது நடனம் ஒன்றுதான். நடனம் நோயைத் தடுத்தது என்று அதை வைத்து அடித்துச் சொல்ல முடியாது. நினைவு நன்றாக இருப்பவர்களே தொடர்ந்து ஆடியிருக்கவும் கூடும். உறுதியான நாற்காலி ஒன்றின் முதுகைப் பிடித்துக்கொண்டு தொடங்குங்கள்.

ஆடுவதற்கு முன்னும் பின்னும் என்ன சாப்பிடுவது?

முழுச் சாப்பாட்டுக்குப் பிறகு இரண்டு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள். அரை மணி நேர நடனத்துக்குச் சிறப்பு உணவோ ஆற்றல் பானமோ தேவையில்லை, தண்ணீர் போதும்.

ஆறு வாரமாக ஆடுகிறேன், எடை இறங்கவில்லை. ஏன்?

எனக்கு வரும் கேள்விகளில் மிகுந்த மனச்சோர்வோடு கேட்கப்படுவது இது. மூன்று இடங்களில் தேடிப் பாருங்கள்.

முதலாவது தட்டு. ஆடியபின் பசி கூடுகிறது. ‘இன்றைக்குத்தான் ஆடினோமே’ என்ற எண்ணமும் கையைத் தளர்த்திவிடுகிறது. அரை மணி நேரத்தில் செலவழித்த 155 கலோரியைத் திரும்பப் பெறச் சர்க்கரை போட்ட பானம் ஒன்றும் ஒரு கடி நொறுக்குத்தீனியும் போதும். ஒரே ஒரு வாரம், வாய்க்குள் போவது அனைத்தையும் எழுதி வையுங்கள். யாருக்கும் காட்ட வேண்டியதில்லை.

இரண்டாவது, மீதிப் பொழுது. காலையில் ஆடிவிட்டோம் என்ற களைப்பில் நாள் முழுவதும் வழக்கத்தைவிடக் குறைவாக நகர்கிறோமா என்று பாருங்கள். மாடிப்படியை விட்டுவிட்டு மின்தூக்கியில் ஏறுவது போன்ற சிறு சிறு குறைவுகள் சேர்ந்து நடனத்தின் பலனைத் தின்றுவிடும்.

மூன்றாவது, அளக்கும் முறை. புதிதாக உழைக்கும் தசைகள் நீரைப் பிடித்து வைப்பதால் தொடக்க வாரங்களில் எடை நிற்பதும் சற்று ஏறுவதும் உண்டு. மாதவிடாய்க்கு முன்னும் அப்படியே. தினமும் ஏறி நின்று மனம் நோகாமல், வாரம் ஒரே நாளில், காலையில், ஒரே மாதிரி உடையில் நிறுத்துப் பாருங்கள். தொப்புள் மட்டத்தில் அளவு நாடாவைச் சுற்றி, மூச்சை இயல்பாக விட்டபின் அளந்து எழுதுங்கள். தராசு அசையாதபோதும் நாடா இரண்டு சென்டிமீட்டர் உள்ளே போயிருப்பதை நான் பார்த்திருக்கிறேன். மொத்த எடையில் 5 முதல் 10 விழுக்காடு குறைந்தாலே இரத்த அழுத்தமும் சர்க்கரையும் சீராகத் தொடங்குகின்றன. 80 கிலோ உள்ளவருக்கு அது 4 கிலோவிலிருந்தே ஆரம்பம்.

இவை எல்லாம் சரியாக இருந்தும் எடை ஏறிக்கொண்டே போனால் தைராய்டுக் குறைபாடும், எடையைக் கூட்டும் சில மருந்துகளும் காரணமாக இருக்கலாம்; பரிசோதித்துக்கொள்ளுங்கள்.

தனியாக ஆடுவதா, கூட்டமாக ஆடுவதா? மற்றவர்கள் பார்ப்பார்களே என்று தயக்கமாக இருக்கிறது.

1969இல் ஜாஸ் நடனம் கற்பித்துவந்த ஜூடி ஷெப்பர்ட் மிசெட், மாணவியர் பலர் பாதியில் நின்றுவிடுவதைக் கண்டார். அவர்கள் மேடை நடனக் கலைஞர்களாக வர விரும்பவில்லை, உடலைச் சீராக்கிக்கொள்ளவே வந்திருந்தார்கள். அவர் கண்ணாடிக்கு முதுகு காட்டி அவர்களைத் திருப்பி நிறுத்தி, திருத்தல்களைக் குறைத்து, தன்னைப் பார்த்து மகிழ்ச்சியாக ஆடச் சொன்னார். ஜாஸர்சைஸ் என்ற உடற்பயிற்சி நடனம் அப்படித்தான் பிறந்தது. கண்ணாடி உங்களைத் துன்புறுத்தினால் நீங்களும் அதற்கு முதுகைக் காட்டலாம். முழங்காலைச் சரிபார்க்கும்போது மட்டும் திரும்பிக்கொள்ளுங்கள்.

பழகும்வரை அறைக்குள் தனியாக ஆடுவதில் தவறே இல்லை. ஆனால் முடிந்தபோது ஒரு குழுவோடு சேருங்கள் என்று வலியுறுத்திச் சொல்வேன். ஒரே அசைவைச் சேர்ந்தாற்போல் ஆடியவர்களுக்கு வலியைத் தாங்கும் அளவு கூடியதையும், ஒருவரோடு ஒருவர் நெருக்கம் உணர்ந்ததையும் 2015இல் ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வாளர்கள் பதிவு செய்தார்கள். வகுப்பில் எல்லோரும் அவரவர் காலைச் சமாளிப்பதிலேயே மூழ்கியிருப்பார்கள். அடுத்தவர் காலைப் பார்க்க யாருக்கும் நேரம் இருப்பதில்லை.

இடையில் விட்டுவிட்டேன். மறுபடி எங்கிருந்து தொடங்குவது?

ஒரு வாரம்தான் இடைவெளி என்றால் விட்ட இடத்திலிருந்தே தொடரலாம். இரண்டு, மூன்று வாரம் ஆகியிருந்தால் பாட்டுகளைப் பாதியாகக் குறைத்துக்கொள்ளுங்கள். எட்டுப் பாட்டு ஆடிவந்தவர் நான்கில் தொடங்கி, இரண்டு வாரத்தில் பழைய அளவுக்குத் திரும்பலாம். காய்ச்சலுக்குப் பிறகு உடல்வலியும் களைப்பும் முழுதாக நீங்கியபின்னரே தொடங்க வேண்டும். மாதக்கணக்கில் விட்டிருந்தால் முதல் வாரத்து மூன்று பாட்டுக்கே போங்கள். பக்க அடியும் கிரேப்வைனும் கால்களுக்கு மறந்திருக்காது. மூச்சுக்குத்தான் பழக நாளாகும்.